சோற்றில் கை வைத்த பிறகு

மன்னிப்பு எனக்கு வராது. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு நீச்சல் வராது, எனக்கு இது. இத்தனைக்கும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், பெண்கள் ஐக்கியத்தில் பொறுப்பில் இருந்தவள். கர்த்தருடைய ஜெபத்தைச் சபை முழுக்கச் சேர்ந்து சொல்லும்போது, மன்னிப்பைப் பற்றி வருகிற அந்த ஒரு வரிக்கு மட்டும் வாயை மூடிக்கொள்வேன். ஆண்டவர் சந்நிதியில் பொய் சொல்லக் கூடாதல்லவா? எதிரிகள் நாசமாய்ப் போகும்படி கேட்கிற சங்கீதங்கள் எவையெவை என்பது எனக்கு மனப்பாடம். நைட்டி தைக்க உட்காரும்போது அவற்றைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். ஓரம் அடிக்க அது நல்ல தாளமாக இருக்கும்.

அத்தனை சங்கீதங்களும் ஒரே ஆளுக்குத்தான். ராஜபாளையத்தில் எங்கள் கோயிலின் செக்ரட்டரி. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் அவருக்கு ஒரு பெருமையாகிவிடும். காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் வைத்திருந்தார். காயத்துக்குத் துணி விற்கிறவர் காயம் உண்டாக்குவதிலும் கெட்டிக்காரர். போதகர்களை நாங்கள் ஐயர் என்போம். ஐயர்மார் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள்; அவர் மட்டும் ஆணி அடித்த மாதிரி அதே பதவியில் இருந்தார். யாருக்குத் திருமண ஓலை வாசித்துச் சபையில் அறிவிப்பது, யார் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஐயர் போவது, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும்.

எங்கள் சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது அசனம் என்று ஒன்று உண்டு. வீட்டுக்கு வீடு அரிசி கொண்டுவந்து கொடுத்து, கோயில் வளாகத்திலேயே அண்டா அண்டாவாகச் சோறு பொங்கி, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. ஏழை பணக்காரன் பார்க்காத சாப்பாடு என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். பிரசங்கத்தில் என்னதான் சொல்ல மாட்டார்கள்.

அப்படி ஒரு அசனத்தில்தான் அது நடந்தது. என் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். அன்று விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்று சோற்றைக் கிண்டி, வடித்துத் தட்டியவர் அவர்தான். அடுத்த ஷிப்டுக்கு மில்லுக்குப் போக வேண்டும் என்பதால் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். ஆண்கள் பந்தியும் பெண்கள் பந்தியும் எதிரெதிராக இருக்கும். நான் எதிரே இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். சோறு வைத்து, குழம்பு ஊற்றி, அவர் பிசைந்து முதல் கவளத்தை எடுத்த நேரம் செக்ரட்டரி வந்து நின்றார். அவருக்குப் பின்னால், அவரிடம் துணி வாங்குகிற வெளியூர் முதலாளிகள் சிலர்.

"ஏலே, செத்த எந்திரிச்சுக்கோ. பெரிய ஆளுக வந்திருக்காக. ஒனக்குப் பொறவு போடச் சொல்லுதேன்."

என் வீட்டுக்காரர் அவரைவிட வயதில் மூத்தவர். அப்படிப்பட்டவரைப் பார்த்துச் செக்ரட்டரி 'ஏலே' என்றார். இவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள், கூட வந்த ஒருவன் இலையை ஓரமாக இழுத்துவிட்டான். இவர் கையிலிருந்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தார். குழாயடியில் போய்க் கையைக் கழுவினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். எங்கள் பக்கம் அடித்தால்கூட நாலு நாளில் பேசிவிடுவார்கள். பந்தியில் எழுப்பினால் தலைமுறைக்கும் பேச மாட்டார்கள்.

அதோடு அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். நான் கிளம்பும் நேரத்தில் என் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட உட்கார்ந்துவிடுவார். எண்ணெயே கேட்காத மெஷினுக்கு வாராவாரம் எண்ணெய். கோயில் மட்டுமல்ல, எந்தப் பந்தியிலும் அவர் அதன்பின் உட்காரவில்லை. எங்கள் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்தோம். பெண்ணைப் பெற்றவர், சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர், சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு தட்டில் இரண்டு கரண்டி சோறு தின்றார். சம்பந்தி வீட்டார் அதைப் பார்த்து என்ன குறையோ என்று முகம் சுண்டிப்போனார்கள். அன்று மாப்பிள்ளை வீட்டாரிடம் பல்லைக் காட்டிச் சமாளித்துக்கொண்டே, செக்ரட்டரியை ஒருநாள் பந்தியில் எழுப்பாமல் சாக மாட்டேன் என்று எனக்குள் சத்தியம் செய்தேன்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு தெலுங்குக்காரம்மா. நல்ல மனுஷி. ஒருநாள் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "மன்னிச்சு விட்ரும்மா, ஒங்க சாமி அதத்தான சொல்லுது?" என்றாள். "எங்க சாமிக்கும் எனக்கும் அது ஒண்ணுலதான் தகராறு" என்றேன்.

இப்படி நான் வஞ்சத்தைப் பால் ஊற்றி வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பாஸ்டரம்மா மாற்றலாகி வந்தார். எங்கள் கோயிலுக்கு முதல் பெண் போதகர். ஐயரின் மனைவியை ஐயரம்மா என்பதுதான் எங்கள் வழக்கம். ஐயரே அம்மாவாக வந்தால் என்ன சொல்வது என்று கொஞ்ச நாள் எல்லோரும் திண்டாடினார்கள். வ. புதுப்பட்டிப் பக்கம், போலீஸ்காரர் மகள். ஒல்லியான உடம்பு, ஸ்கூட்டியில் வருவார். பார்த்தால் கல்லூரிப் பெண் போல இருப்பார். செக்ரட்டரிக்கு ரொம்பச் சந்தோஷம். இது நம் சொல்லைத் தட்டாது என்று நினைத்திருப்பார்.

வந்த வருஷமே, அசனத்துக்கு முந்திய மாதம், பிரசங்க பீடத்திலிருந்து பாஸ்டரம்மா அறிவித்தார். இந்த முறை யாருக்கும் தனியாக இலை போட்டு வைக்கக் கூடாது. யார் முதலில் வந்தாலும் உட்காரலாம். முதல் பந்திக்குப் பரிமாற வேண்டியது கமிட்டிக்காரர்கள். அவர்கள் கடைசிப் பந்தியில் சாப்பிடுவார்கள். அதைச் சொல்லி முடிக்கும் முன்பே மைக் நின்றுவிட்டது. ஸ்விட்ச் இருந்த இடத்தில் செக்ரட்டரியின் தம்பி நின்றுகொண்டிருந்தான். பாஸ்டரம்மா மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னார். அந்த ஒல்லி உடம்புக்குள் அம்புட்டுக் குரல் இருந்தது அன்றுதான் தெரிந்தது. தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள்.

மறுநாளிலிருந்து பாஸ்டரம்மா குடியிருந்த வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேர் என்றார்கள். அவர் ஸ்கூட்டியில் குடத்தை வைத்துத் தெருக்குழாயில் பிடித்துக்கொண்டு போனார். நான் இரண்டு குடம் கொண்டுபோய் ஊற்றினேன். அன்பினால் என்று சொன்னால் அது பொய். செக்ரட்டரிக்கு ஆகாதவர் எனக்கு ஆகிறவர், கணக்கு அவ்வளவுதான்.

செக்ரட்டரி சும்மா இருப்பாரா? ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பெரிய ஐயரிடம் புகார் போனது. அவர்தான் எங்கள் பகுதிச் சபைகளுக்கெல்லாம் மேலே இருந்தவர். விசாரணைக்குச் செக்ரட்டரி பக்கத்தார் இரண்டு காரில் போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிற மனுஷருக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போனார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். பாஸ்டரம்மா பஸ்ஸில் போனார். அவர் பக்கம் பேச யாராவது வர வேண்டுமே என்றபோது நான்தான் வாரேன் என்றேன். செக்ரட்டரி குனிந்து நிற்பதைப் பார்க்கிற ஆசை. பஸ் மடவார் வளாகம் தாண்டும்போது ஏன் நீங்கள் வருகிறீர்கள் என்று பாஸ்டரம்மா கேட்டார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் கதையைச் சொன்னேன்.

"அண்ணாச்சிய நான் வந்து பாக்கட்டுமாக்கா?"

"வேண்டாம்மா. அவிய கோயில்காரங்க யாரையும் பாக்க மாட்டாக."

பெரிய ஐயர் கெட்டவர் இல்லை. சண்டை பிடிக்காதவர், அவ்வளவுதான். இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு வழி ஒன்று சொன்னார். பந்தலுக்குள் ஒரு திரை கட்டிக்கொள்ளலாம். விருந்தாளிகள் உள்ளே, சபையார் வெளியே, யாருக்கும் மனக்கசப்பு இல்லை. செக்ரட்டரி உடனே சரி என்றார். எல்லோரும் பாஸ்டரம்மாவைப் பார்த்தார்கள்.

"ஐயா, இராப்போஜனத்துக்கு நாம தெரை கட்டுறதில்லையே" என்றார் அவர். "முழங்கால் போட்டு நிக்க எல்லாருக்கும் ஒரே அப்பம், ஒரே பாத்திரந்தான் கொடுக்கேன். அங்க ஒண்ணா முழங்கால் போடுதவங்களுக்கு இங்க எதுக்குத் தெரை? என்னால முடியாது."

"புடிவாதம் புடிச்சா மாத்தல் வரும்மா" என்றார் பெரிய ஐயர். மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

"வரட்டும்யா. அசனம் முடிஞ்சு வரட்டும்."

திரும்பி வருகிற பஸ்ஸில், "எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுக்கா. ஜெபம் பண்ணிக்கிட்டேதான் பேசினேன்" என்றார் பாஸ்டரம்மா. நான் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "செக்ரட்டரி மூஞ்சியப் பாத்தீங்களா?" என்றுதான் கேட்டேன். பண்டிகை முடிந்த சில மாதங்களில் அவருக்கு மாற்றல் வந்தது. பெரிய ஐயர் வாக்குத் தவறவில்லை.

அந்த அசனத்துக்குப் பந்தி விசாரிக்கிற பொறுப்பைப் பெண்களிடம் தரப்போவதாகப் பாஸ்டரம்மா சொன்னபோது நான் கையைத் தூக்கினேன். யார் எங்கே உட்காருவது, எந்த இலைக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பது அந்த வேலை. பண்டிகையன்று காலையில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டினேன்.

"ஏட்டி, கல்யாண வீட்டுக்கா போற?" என்றார் என் வீட்டுக்காரர். எண்ணெய்க் குப்பி கையில் இருந்தது.

"அதுக்கு மேல. நீங்களும் வாங்க, இன்னைக்கு ஒண்ணு நடக்கும்."

"எனக்கு வேண்டாம்."

நான் நினைத்தபடியே செக்ரட்டரி பரிமாற வரவில்லை. சுகர் மாத்திரை போட்டாயிற்று, உடனே சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு முதல் பந்தியில் நடுநாயகமாக உட்கார்ந்தார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது அவருக்காகவே சொன்னது. தேவதானம் பக்கத்துக் கிராமச் சபையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். பாஸ்டரம்மா கூட உட்கார்ந்தால்தான் நாங்களும் உட்காருவோம் என்று அவர்கள் பிடித்துக்கொண்டதால், அவரும் செக்ரட்டரிக்கு எதிர் வரிசையில் ஒரு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

செக்ரட்டரி உட்கார்ந்த உடனேயே நான் எழுப்பியிருக்கலாம். சட்டம் என் பக்கம். ஆனால் நான் பொறுத்தேன். சோறு வைக்கட்டும் என்று இருந்தேன். குழம்பு ஊற்றட்டும் என்று இருந்தேன். இன்னும் இரண்டு துண்டு கறி வை என்று நானே சொன்னேன். அவர் பிசைந்து, உருட்டி, கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது போய் முன்னால் நின்றேன். என் கூட, அடுப்படியில் சோறு கிண்டிக்கொண்டிருந்த ஒரு மனுஷரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தேன். அவர் வேட்டியெல்லாம் கரி.

"அண்ணாச்சி, செத்த எந்திரிச்சுக்கோங்க. பெரிய ஆளு வந்திருக்காக. ஒங்களுக்குப் பொறவு போடச் சொல்லுதேன்."

வார்த்தைக்கு வார்த்தை அதேதான். 'ஏலே' மட்டும் வாயில் வரவில்லை, அதற்கு இன்றுவரை எனக்கு வருத்தம். வாளியோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். செக்ரட்டரியின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. அவர் முகம் கறுத்ததைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் பிள்ளைகள் பிறந்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு ஆனந்தம் வந்ததில்லை. அடுப்படிக்காரர் மட்டும், "எனக்கு எடமே வேண்டாம்மா, விடுங்க" என்று கையை உருவிக்கொண்டிருந்தார்.

அப்போது எதிர் வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம். பாஸ்டரம்மா எழுந்துவிட்டார். அவர் இலையில் சோறும் குழம்பும் அப்படியே இருந்தன. ஒரு பருக்கை தொடவில்லை.

"எடந்தான வேணும், இந்தா இருக்கு" என்று அடுப்படிக்காரரைக் கூப்பிட்டார். "நான் இன்னும் கை வைக்கல. இதுலயே ஒக்காந்து சாப்பிடுங்க." பிறகு செக்ரட்டரியைப் பார்த்து, "நீங்க சாப்பிடுங்கண்ணாச்சி, மாத்திரை போட்டிருக்கீங்க" என்றார்.

தேவதானத்துக்காரர்களும் எழப் பார்த்தார்கள். கையைக் காட்டி அவர்களை உட்காரச் சொன்னார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். அவர் பாட்டுக்குப் பந்தலைத் தாண்டி, வாசல் வழியாக வெளியே போய்விட்டார். சாப்பிடாமல்.

செக்ரட்டரி குனிந்தபடியே சாப்பிட்டார். மனுஷருக்கு அது எப்படி இறங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இறங்கியது, மோர்ச்சோறு வரைக்கும் இறங்கியது. நான் வருஷக்கணக்காக அடுப்பில் வைத்துக் காத்த பால் கொதித்துப் பொங்குகிற நேரத்தில் யாரோ வந்து தண்ணீர் தெளித்த மாதிரி ஆகிவிட்டது. செக்ரட்டரி மேல் இருந்த அத்தனை ஆத்திரமும் பாஸ்டரம்மா மேல் திரும்பியது. யாரைக் கேட்டு எழுந்தார்? இது அவர் சண்டையா? அடுத்தடுத்த பந்திகளை நான் விசாரித்த லட்சணத்தைப் பார்த்துப் பரிமாறுகிறவர்கள் பயந்துபோனார்கள். எனக்குச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அவரைக் கேட்க வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டு வாசலில் அவர் ஸ்கூட்டி நின்றது.

உள்ளே, அடுக்களைத் தரையில், பாஸ்டரம்மாவும் என் வீட்டுக்காரரும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரசமும் சோறும், சுட்ட அப்பளமும். பண்டிகை நாளில் என் வீட்டுக்காரர் தனக்கு மட்டும் பொங்கிக்கொள்கிற சோறு அது. வீட்டில் எங்கள் கூடக்கூட அவர் உட்கார்ந்து சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது; தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுவார். இப்போது ஒரு வெளி ஆளுக்கு எதிரில் உட்கார்ந்து, ரசத்தைக் கரண்டியால் கலக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"'இன்னைக்குப் பந்தியில எனக்கு எடம் இல்லாமப் போச்சுண்ணாச்சி, சோறு இருக்கா'ன்னு கேட்டு வந்தாக" என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். சிரிப்பு வாய் வரைக்கும் வந்திருந்தது.

பாஸ்டரம்மா நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லியாகிவிட்டது போல. நான் நிலைப்படியிலேயே நின்றேன்.

"கோவமா இருக்கீங்களாக்கா?" என்றார் பாஸ்டரம்மா.

"ஆமா. ஒங்க மேலதான்."

"சரி. ஒக்காந்து சாப்ட்டுட்டுக் கோவப்படுங்க."

"அந்தாளு எந்திரிச்சிருக்கணும். எல்லாரும் பாக்க எந்திரிச்சுப் போயிருக்கணும். நீங்க எதுக்கு எந்திரிச்சீங்க? இவியள எழுப்பினப்போ எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? அதுல ஒரு பங்காவது அந்தாளு படணும்னு நான் நெனச்சது தப்பா?"

பாஸ்டரம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"தப்பான்னு எனக்கே சொல்லத் தெரியலக்கா. ஒருத்தர் சோத்துல கை வச்ச பொறவு எழுப்பறதப் பாத்துக்கிட்டு என்னால தின்ன முடியாது. அது செக்ரட்டரியா இருந்தாலும் சரி. அண்ணாச்சிய எழுப்பின அன்னைக்கு நான் இங்க இல்ல. இருந்திருந்தா அன்னைக்கே எந்திரிச்சிருப்பேன்."

என் வீட்டுக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். நொறுக்கி முடித்துவிட்டுத் தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"அந்தாளு எழுப்பினத நான் அன்னைக்கே மில்லுல மறந்துட்டேன். அவன் கொணம் ஊருக்கே தெரியும். அம்புட்டுப் பேரு இருந்தாகளே, எனக்காக ஒருத்தராவது எந்திரிப்பாகன்னு நெனச்சேன். குழாயடியில கொஞ்ச நேரம் நின்னுகூடப் பாத்தேன். ஒருத்தர் வந்திருந்தாலும் நான் மறு ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வந்திருப்பேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. யாரையும் குற்றம் சொல்கிற குரலும் இல்லை. பாஸ்டரம்மாவின் தட்டில் ரசம் குறைந்திருப்பதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார். எழுந்து போய் எனக்கும் ஒரு தட்டு எடுத்து வந்து, தன் பக்கத்தில் வைத்தார்.

அவரை எழுப்பிய அன்று எனக்கும் எதிர்ப் பந்தியில் இலை போட்டிருந்தார்கள். அவர் கை கழுவுவதை, சைக்கிளை எடுப்பதை, வாசலைத் தாண்டுவதை எல்லாம் பார்த்தேன். அப்புறம் நான் சாப்பிட்டு முடித்து, இலையை மூடிவிட்டுத்தான் எழுந்தேன்.